இறங்க ஒரு நிலம்

1916 மார்ச் 19, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். நியூ மெக்சிகோவின் தென் எல்லையில் இருக்கும் கொலம்பஸ் என்ற சிற்றூரிலிருந்து எட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அன்று அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு எதிரி நிலத்தில் இறக்கிவிடக்கூடிய பலம் முழுவதும் அந்த எட்டு விமானங்கள்தாம். மெக்சிகோவுக்குள் ஏறக்குறைய 90 மைல் தொலைவில், காசஸ் கிராண்டஸ் அருகே ஜெனரல் பெர்ஷிங்கின் படை முகாமிட்டிருந்தது. இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது உத்தரவு.

சேரவில்லை. ஒன்று எஞ்சின் கோளாறால் கொலம்பஸுக்கே திரும்பியது. நான்கு விமானங்கள் பாதி வழியில் ஆசென்சியோன் என்ற ஊரில் இருட்டில் இறங்கின. மற்ற மூன்றும் ஒன்றையொன்று தவறவிட்டு ஆளுக்கொரு பக்கம் போயின. அவற்றில் ஒன்று இறங்கும்போது நொறுங்கியது. விமானிகளில் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதற்கு முன் இரவில் பறந்ததில்லை. கையில் சரியான வரைபடமும் இல்லை. மறுநாள் காசஸ் கிராண்டஸ் வந்து சேர்ந்தவை ஆறு.

பத்து நாட்களுக்கு முன்பு, மார்ச் 9 அன்று, மெக்சிகோவின் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் கொலம்பஸ் ஊருக்குள் புகுந்து தாக்கியிருந்தார்கள். வில்லாவைப் பிடிக்கப் பெர்ஷிங் அனுப்பப்பட்டார். அவருக்குக் கண்ணாக இருக்க, டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த முதலாம் விமானப் பிரிவு ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டது. அதன் தலைவர் கேப்டன் பெஞ்சமின் ஃபுலாய்.

சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனுக்கு டெக்சஸ் தமிழர்களில் பலர் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். மானும் மயிலும் உலாவும் பழைய நாற்கட்டு மைதானம் அங்கே இருக்கிறது. அந்தப் படைத்தளத்தில்தான் 1910 மார்ச் 2 அன்று ஃபுலாய் முதன்முறையாகத் தனியே பறந்தார். முழுமையான பயிற்சி அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. ஓட்டுவதில் வந்த சந்தேகங்களை ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். விமானத்தைப் பராமரிக்க அரசு கொடுத்த 150 டாலர் போதாமல் சொந்தப் பணத்தையும் போட்டார். இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படாமல் இருக்கக் குதிரைச் சேணம் தைப்பவரிடம் ஒரு வார் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து மெக்சிகோவுக்குள் அவர் கொண்டுபோனதும் ஏறக்குறைய இதே வகைச் சமாளிப்புதான், அளவுதான் பெரிது.

எட்டு விமானம், பத்து லாரி

விமானங்கள் கர்ட்டிஸ் கம்பெனியின் ஜே.என். 3 ரகம். மரச்சட்டம், துணி இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின். சமவெளியில் பயிற்சிக்குப் போதுமானவை. காசஸ் கிராண்டஸோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேற்கே சியரா மாட்ரே மலைகள் அதைவிட இரண்டு மடங்கு உயரம்.

உயரம் கூடினால் காற்று மெலிகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறைகிறது, புரொப்பெல்லருக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினுக்கு மூச்சு குறைகிறது. மூன்றும் சேர்ந்து குறைவதால் கிளம்புவதற்கு நீளமான ஓடுபாதை தேவைப்படுகிறது. வெயில் ஏறினால் இன்னும் மோசம். ஆனால் மலைநாட்டில் கிடைப்பது எப்போதும் குட்டையான நிலம்தான். மார்ச் 20 அன்று ஃபுலாயும் கேப்டன் டாடும் தெற்கே உளவு பார்க்கக் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் சுழற்காற்று விமானத்தைக் கீழே அழுத்தியது. எஞ்சினை முழு விசையில் வைத்தும் மேலே ஏற முடியாமல் சுமார் 25 மைலில் திரும்பிவிட்டார்கள். அதே நாள் இன்னொரு விமானம் முகாமில் இறங்கும்போது சூறைக்காற்றில் சிக்கிச் சேதமானது.

அடுத்தது வறட்சி. அந்தக் காலத்துப் புரொப்பெல்லர் மரப்பலகைகளை அடுக்கிப் பசை போட்டு ஒட்டிச் செய்தது. பாலைவனக் காற்றில் ஈரம் வற்றியதும் பசை விட்டுப் பலகைகள் பிரிந்தன. பறந்து வந்த ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரைக் கழற்றி, ஈரப்பதம் வைத்த பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் அந்த வட்டாரத்துக்கு ஏற்ற புரொப்பெல்லரைக் கொலம்பஸிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். மூன்றாவது, உதிரிப் பாகம். ஒரு விமானம் நொறுங்கினால் அதன் உடலிலிருந்து கழற்றியவை அடுத்த விமானத்துக்குப் போயின. எட்டு ஏழானதும் ஏழு ஆறானதும் இந்த வகையில் ஓரளவு பயனுள்ள நஷ்டங்கள்.

ஏப்ரல் 7 அன்று இரண்டு விமானங்கள் அமெரிக்கத் தூதரக அதிகாரிக்குக் கடிதம் எடுத்துக்கொண்டு சிவாவா நகரத்துக்குப் போயின. ஊருக்குள் போன ஃபுலாயைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். வெளியே நின்ற விமானங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சிகரெட்டால் இறக்கைத் துணியில் ஓட்டை போட்டார்கள், கத்தியால் கிழித்தார்கள், திருகாணிகளைக் கழற்றினார்கள், கல் எறிந்தார்கள். அமெரிக்க நூல்களில் இது வெறிபிடித்த கும்பலின் கதையாக வருகிறது. தங்கள் நாட்டுக்குள் கேட்காமல் வந்து இறங்கிய அந்நிய ராணுவ விமானத்தை ஓர் ஊர்க்கூட்டம் வேறு எப்படி வரவேற்கும் என்று அவை கேட்பதில்லை. வில்லாவுக்கு எதிரியான கரான்சா அரசுகூடத் தன் ரயில் பாதையைப் பெர்ஷிங்கின் படை பயன்படுத்தச் சம்மதிக்கவில்லை.

ரயில் இல்லாததால்தான் லாரிகள் முக்கியமாயின. விமானப் பிரிவு சான் அன்டோனியோவிலிருந்து வரும்போது பத்து லாரிகளையும் ஒரு காரையும் கூடவே கொண்டுவந்தது. விமானத்துக்குப் பெட்ரோல், கூடாரம், பட்டறைச் சாமான் எல்லாம் அவற்றில்தான் போக வேண்டும். ஆனால் குதிரையையும் கோவேறு கழுதையையும் நம்பியிருந்த ராணுவத்தில் லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் குறைவு. விமான மெக்கானிக்குகளுக்கு அது தெரியும். எனவே அவர்களும் அவர்களுடைய லாரிகளும் மொத்தப் படைக்கும் சரக்கு ஏற்றும் வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். பறக்கும் பிரிவின் கையிலிருந்து படைக்கு உடனடியாகப் பயன்பட்டது தரையில் ஓடிய வண்டிகள்.

ஏப்ரல் 19 அன்று லெப்டினன்ட் டார்கும் கேப்டன் வில்லிஸும் மலைக்குள் விழுந்தார்கள். உடைந்த விமானத்தைக் கொளுத்திவிட்டுச் சுமார் 65 மைல் நடந்து முகாமுக்கு வந்தார்கள். மறுநாள் கணக்கெடுத்தபோது பறக்கும் நிலையில் மீதி இருந்தவை இரண்டே. அவையும் கொலம்பஸ் திரும்பியதும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று அழிக்கப்பட்டன. எட்டு விமானங்களின் ஆயுள் ஒரு மாதத்தைச் சற்றே தாண்டியது. வில்லா பிடிபடவில்லை.

ஆனால் ஃபுலாய் கணக்கு எழுதி வைத்தார். புது விமானங்கள் வந்த பிறகான காலத்தையும் சேர்த்து ஆகஸ்ட் 15 வரை 540 முறை பறந்திருந்தார்கள். 346 மணி நேரம், 19,553 மைல். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, எது தேவை என்று அவர் அளித்த அறிக்கைகளும் பத்திரிகைகளில் எழுந்த கூச்சலும் சேர்ந்து வேலை செய்தன. அந்த ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ராணுவ விமானத்துறைக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. தோற்றுப்போன ஒரு திட்டத்தின் பிழைப் பட்டியல் வெற்றி அறிக்கையைவிட மதிப்புள்ளது என்பதை என் தொழிலில் இருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஒன்று தெரிகிறது. முன்னரங்கத் தளம் என்பது மூன்று கேள்விகள். நிலத்தை யார் சமன்செய்தார்கள்? அதற்கு எரிபொருளும் சோறும் யார் கொண்டுவந்தார்கள்? அந்த நிலம் யாருடையது? விமானியின் துணிச்சல் இந்த மூன்றுக்கும் பிறகு வருகிறது. ஆனால் வரலாற்றில் முதலில் எழுதப்படுவது அதுதான். நம் பக்கத்து வரலாற்றையும் இந்த மூன்று கேள்விகளோடு படித்துப் பார்க்கலாம்.

குதிரைப் பந்தயத் திடல்

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இலங்கை போர்முனையானது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் ஒரு விமானநிலையம் இருந்தது. ஜப்பானியருக்கு அது தெரியும். ஆகவே கொழும்பு நகருக்குள்ளேயே, கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கினார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, நகுமோவின் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல்நாளே கனடிய விமானி பர்ச்சால் கடலில் அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார்; ராடாரும் இருந்தது. இருந்தும் காலையில் எச்சரிக்கை சரியான நேரத்துக்கு வரவில்லை. இரத்மலானையின் ஹரிக்கேன் விமானங்கள் தலைக்கு மேல் எதிரி வந்த பிறகே எழும்பின. பந்தயத் திடலைப் பற்றி ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. அங்கிருந்து 258ஆம் பிரிவின் 14 ஹரிக்கேன்கள் தாக்கப்படாமல் கிளம்பின. கிளம்பியவற்றில் பாதிக்கு மேல் வானில் அழிந்தன என்பது வேறு கதை. தற்காலிகத் தளத்தின் ஒரே பெரிய பலம் அது இருப்பது எதிரிக்குத் தெரியாமல் இருப்பதே. ஒருமுறை பயன்படுத்தியதும் அந்தப் பலம் போய்விடுகிறது.

நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. இதற்கிடையே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையைக் காலிசெய்யச் சொன்னார்கள். நம் தாத்தா பாட்டிமார் ‘எவாகுவேஷன்’ என்று சொன்ன காலம் அது. அந்தப் போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று பல இடங்களில் ஓடுபாதைகள் முளைத்தன. சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் நடந்தது. கொழும்பில் பந்தயத் திடல் விமானத்தளமானது; சோழவரத்தில் விமானத்தளம் பந்தயத் திடலானது.

மண்வெட்டிகளின் ஓடுபாதை

1947 இறுதியில் காஷ்மீரின் பூஞ்ச் நகரம் முற்றுகையில் இருந்தது. பிரீதம் சிங்கின் தலைமையில் ஒரு சிறு படையும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கான அகதிகளும் உள்ளே. வெளியே போகச் சாலை இல்லை. சிப்பாய்களும் அகதிகளுமாகச் சேர்ந்து மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஓர் ஓடுபாதையை வெட்டினார்கள். சுற்றிலும் எதிரி இருந்த மலைகள். இறங்கும் வழியோ செங்குத்து. டிசம்பரில் மெஹர் சிங் தன் டகோட்டாவை அங்கே இறக்கினார். அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் எடையோடு இறங்கினார் என்பது இந்திய விமானப்படையில் இன்றும் சொல்லப்படும் கதை. அதன் பிறகு அரிசியும் வெடிமருந்தும் உள்ளே போயின. காயம்பட்டவர்களும் அகதிகளும் வெளியே வந்தார்கள். ஓடுபாதை பீரங்கி எல்லைக்குள் வந்ததும் எண்ணெய் விளக்குகளை வைத்து இரவிலும் இறக்கினார்கள். 1948 நவம்பரில் தரைவழிப் படை வந்து சேரும்வரை ஏறக்குறைய ஓராண்டு அந்த ஊர் உயிரோடு இருந்தது அந்தப் பாதையால்.

லே இன்னும் கடினம். கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல், சிந்து நதிக்கரையின் மணல்வெளி. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. லடாக்கைச் சேர்ந்த சோனம் நோர்பு என்ற பொறியாளர் உள்ளூர் மக்களைக் கொண்டு ஓடுபாதையைப் போட்டார். 1948 மே 24 அன்று மெஹர் சிங் தன் விமானத்தில் ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு, வரைபடமில்லாத பனிமலைகளுக்கு மேல் பறந்து அங்கே இறங்கினார். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில், சரக்கு இறக்கும்போதும் எஞ்சின்களை ஓடவிட்டார்கள். காசஸ் கிராண்டஸில் ஃபுலாய் தோற்ற அதே மெலிந்த காற்று இது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எஞ்சின் வளர்ந்திருந்தது. கீழே நிலத்தைத் தயார்செய்த முறை மாறவில்லை: மண்வெட்டி, கூடை, ஊர் மக்களின் முதுகு.

மெஹர் சிங்கின் பெயர் பதக்கப் பட்டியலில் மகாவீர் சக்ரத்தோடு இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். சோனம் நோர்புவின் பெயரை லடாக்கியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பூஞ்சில் மண் சுமந்த அகதிகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பலாலி

பூஞ்சில் டகோட்டா இறங்கிய அதே 1947 டிசம்பரில், 10ஆம் தேதி, இன்னொரு டகோட்டா இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையை ஒட்டிய ஓடுபாதையில் இறங்கி, பிறகு சென்னைக்குப் பறந்தது. ஏர் சிலோனின் முதல் பயணம் அது. இறங்கிய இடம் பலாலி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அவசரத்துக்குப் போட்ட ஓடுபாதை, போர் முடிந்ததும் பொதுமக்களின் விமானநிலையமாகியிருந்தது. யாழ்ப்பாணத்தின் மூத்த தலைமுறைக்குப் பலாலி என்றால் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் வழி.

பிறகு அது மறுபடி படைத்தளமானது. 1987இல் இந்திய அமைதிப்படைக்கும் அதுவே வாசல். 1990இல் போர் மீண்டும் தொடங்கித் தரைவழி அடைபட்டதும் யாழ்ப்பாணத்திலிருந்த இலங்கை ராணுவம் ஆகாயத்தையும் கடலையும் மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் பூஞ்சின் கணக்கே திரும்ப வருகிறது. ஓடுபாதையைக் காக்க அதைச் சுற்றி வளையம் வேண்டும்; எதிரியின் குண்டு எவ்வளவு தூரம் பாயுமோ அவ்வளவு அகலமான வளையம். 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் பலாலியை ஒட்டிச் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு அந்தக் கணக்கு இன்னும் இறுகியது. ராணுவத்தின் பார்வையில் இது தர்க்கம். வரைபடத்தில் அந்த வளையம் விழுந்த இடங்களுக்குப் பெயர் உண்டு: மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை, பலாலி. செம்மண் தோட்டங்களும் மீன்பிடித் துறையும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் இருந்த வலிகாமம் வடக்கு, உயர் பாதுகாப்பு வலயமானது. மக்கள் வெளியேறினார்கள். பல குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தன.

விடுதலைப் புலிகளும் வன்னியில் தங்களுக்கென ஓடுபாதைகளை அமைத்தார்கள். 2007 மார்ச் 26 அன்று அவர்களுடைய இலகுரக விமானங்கள் கட்டுநாயக்காவைத் தாக்கியபோது உலகம் வியந்தது. சின்ன விமானத்துக்குச் சின்னப் பாதை போதும், மறைக்கவும் எளிது. ஆனால் மறைவு குலைந்தால் தற்காலிகத் தளத்துக்கு வேறு காப்பு இல்லை என்பது கொழும்புத் திடலுக்குப் பொருந்தியதைப் போலவே இதற்கும் பொருந்தியது. 2009 தொடக்கத்தில் அந்த ஓடுபாதைகள் ஒவ்வொன்றாக ராணுவத்தின் கைக்குப் போயின. அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அடுத்த சில மாதங்களில் எங்கே தள்ளப்பட்டார்கள் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று இந்தப் பழைய பிரச்சினை புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. பெரிய தளங்களை ஏவுகணைகள் எட்டிவிடும் என்பதால், விமானங்களைச் சிறுசிறு கூட்டமாகப் பிரித்துக் கிடைத்த இடத்தில் இறக்கப் பழகுகிறார்கள். 2021 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ விமானங்கள் மிச்சிகனில் ஒரு மாநில நெடுஞ்சாலையில் இறங்கின. இந்தியாவில் 2015லேயே ஒரு மிராஜ் விமானம் யமுனா விரைவுச் சாலையில் இறங்கியது. பயிற்சியில் சாலையைச் சில மணி நேரம் மூடுகிறார்கள், பிறகு திறந்துவிடுகிறார்கள். போரில் யார் திறப்பார்கள், எப்போது திறப்பார்கள் என்பதற்குப் பயிற்சியில் விடை இருப்பதில்லை.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் வருகிறது. டல்லஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் கொழும்பைத் தொடாமல் ஊருக்குப் போக ஒரு வழி கிடைத்ததில் மகிழாதவர் இல்லை. 2017இல் மயிலிட்டித் துறை மக்களிடம் திரும்பியது. வேறு பல காணிகளும் துண்டு துண்டாகத் திரும்பியிருக்கின்றன. திரும்பாதவையும் உண்டு. உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் கிணறு எந்தத் திசையில் இருந்தது என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஃபுலாயின் விமானங்கள் கிளம்பிய கொலம்பஸில் இப்போது டெக்சஸ்காரர்களும் போய்ப் பார்க்கும் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது, பாஞ்சோ வில்லாவின் பெயரிலேயே. அந்த அளவுக்கு ஒரு போர் பழசாகப் பலாலிக்கு இன்னும் காலம் வேண்டும். அதுவரை, விமானம் தாழ்ந்து ஓடுபாதையைத் தொடும்போது ஜன்னலோரம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு முள்வேலிக்குப் பின்னால் தெரியும் பனைகளையும் கூரையில்லாத சுவர்களையும் காட்டி, அங்கே இருந்த ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கலாம்.